பாடநூலைக் கலைத்த பதிப்பாசிரியர்

டோனி மாரிசனைப் பற்றிப் பேசத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் 'பிலவ்ட்' நாவலிலிருந்தோ 1993ஆம் ஆண்டின் நோபல் பரிசிலிருந்தோதான் தொடங்குகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அவருடைய முதல் நாவலான 'த ப்ளூயஸ்ட் ஐ' (1970) குறித்து வழக்கமாகச் சொல்லப்படுவதில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. மணமுறிவுக்குப் பின் இரண்டு மகன்களைத் தனியே வளர்த்த ஒரு தாய், அவர்கள் உறங்கிய பிறகு எழுதிய நாவல் என்று அதற்கு ஒரு பிறப்புக் கதை வழங்கிவருகிறது. கதை பொய்யில்லை. அவர் 1964இல் மணவிலக்குப் பெற்றார்; மறு ஆண்டு சிரக்யூஸ் நகருக்கு வேலைக்குப் போனார்; இரவுகளில் எழுதினார். ஆனால் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நாவலுக்குள் நுழைபவர், அதை ஒரு கதறலாகவே வாசித்து முடித்துவிடுகிறார். பகல் பொழுதுகளில் அந்தத் தாய் என்ன வேலை பார்த்தார் என்பதை யாரும் கேட்பதில்லை.

ராண்டம் ஹவுஸ் நிறுவனத்தின் பாடநூல் பிரிவான எல். டபிள்யூ. சிங்கரில் அவர் பதிப்பாசிரியராக இருந்தார். பின்னர் நியூயார்க் தலைமையகத்துக்கு மாறி, அங்கே புனைவுப் பிரிவில் மூத்த பதிப்பாசிரியரான முதல் கறுப்பினப் பெண் ஆனார். 1983இல்தான் அந்த நிறுவனத்தை விட்டு விலகினார். அதாவது 'த ப்ளூயஸ்ட் ஐ', 'சுலா', 'சாங் ஆஃப் சாலமன்', 'டார் பேபி' ஆகிய நான்கு நாவல்களும் பிறருடைய கைப்பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்த ஒருவர் எழுதியவை.

இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு முதல் நாவலின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அமெரிக்கப் பள்ளிகளில் பல தலைமுறைக் குழந்தைகள் எழுத்துக்கூட்டிப் படித்த 'டிக் அண்ட் ஜேன்' வாசகப் புத்தகத்தின் சாயலில் ஒரு பத்தி இருக்கிறது. அழகான வீடு, அம்மா, அப்பா, டிக், ஜேன், பூனை, நாய், விளையாட வரும் தோழி. அதே பத்தி உடனே இரண்டாம் முறை வருகிறது, இம்முறை நிறுத்தக்குறிகள் எதுவுமின்றி. மூன்றாம் முறை சொற்களுக்கு இடையிலான வெளியும் போய்விடுகிறது. எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டி நிற்கின்றன. ஒரு சொல்கூட மாற்றப்படவில்லை. மாறியது அச்சுக்கோப்பு மட்டுமே.

காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இடைவெளியும் என்ன வேலை செய்கின்றன என்பதை அன்றாடம் கையில் எடுத்துப் பார்த்த ஒருவருக்குத்தான் இது தோன்றும். சாதாரண வாசகன் அவற்றைக் காண்பதே இல்லை, பதிப்பாசிரியருக்கோ அவைதான் பிழைப்பு. பாடநூல் பிரிவில் பகலைக் கழித்துவிட்டு வந்து, இரவில் ஒரு பாடநூல் பத்தியை இப்படிச் சிதைத்துப் பார்த்ததில் ஒரு குரூரமான மகிழ்ச்சிகூட அவருக்கு இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

சிதைத்ததோடு அவர் நிற்கவில்லை. ஒட்டிப்போன அந்த எழுத்துத் துண்டுகளே பின்னால் வரும் அத்தியாயங்களுக்குத் தலைப்புகளாகின்றன. வீட்டைப் பற்றிய வரிக்குக் கீழே ப்ரீட்லவ் குடும்பத்தின் கடைவீட்டு அவலம். அம்மாவைப் பற்றிய வரிக்குக் கீழே, வெள்ளை முதலாளியின் குழந்தையைக் கொஞ்சிவிட்டுத் தன் மகளை அடிக்கும் பாலீன். அப்பாவைப் பற்றிய வரிக்குக் கீழே, மகளைச் சிதைக்கப்போகும் சாலியின் முழு வாழ்க்கை. நாயைப் பற்றிய வரிக்குக் கீழே ஒரு நாய் விஷம் தின்று சாகிறது. தோழியைப் பற்றிய வரிக்குக் கீழே, புத்தி பேதலித்த பெக்கோலா தன் கற்பனைத் தோழியோடு பேசிக்கொண்டிருக்கிறாள். இந்த அடுக்குமுறையில் ஆசிரியர் கூற்று என்று எதுவுமே தேவைப்படவில்லை. மேலே பாடம், கீழே வாழ்க்கை. நம் பள்ளிப் பாடநூல்களின் அம்மாவும் அப்பாவும் இருந்த அந்தச் சுத்தமான வீட்டில் குடியிருந்தவர்கள் நம் வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் இதன் கூர்மை புரியும்.

கதை 1940-41இல், மாரிசன் பிறந்து வளர்ந்த ஒஹாயோ மாநிலத்து லொரெய்ன் நகரில் நடக்கிறது. பதினொரு வயது பெக்கோலா நீலக் கண்கள் வேண்டும் என்று இறைவனிடம் வேண்டுகிறாள். ஆரம்பப் பள்ளியில் உடன் படித்த ஒரு சிறுமிக்கு இப்படி ஓர் ஆசை இருந்ததை மாரிசன் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். தமிழ் வாசகருக்கு இதற்கு அடிக்குறிப்பு தேவையில்லை. 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்று நம் வீடுகளில் பெண்ணைப் பற்றிப் பாராட்டாகவே சொல்வார்கள். அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லைத்தான் மாரிசன் இருநூற்றுச் சொச்சம் பக்கங்களுக்கு விரித்திருக்கிறார் என்பேன். ஷெர்லி டெம்பிள் படம் போட்ட கோப்பையில் மீண்டும் மீண்டும் பால் குடிக்கும் பெக்கோலாவை நமக்குத் தெரியும். வெள்ளைப் பொம்மையைப் பிய்த்து, இதில் அப்படி என்ன இருக்கிறது என்று தேடும் க்ளாடியாவைத்தான் நம்மிடையே அதிகம் பார்க்க முடிவதில்லை.

இனி அவருக்குப் பிடித்த புத்தகங்களுக்கு வருவோம். ஒரு பதிப்பாசிரியரின் விருப்பப் பட்டியல் பிற எழுத்தாளர்களின் பட்டியலிலிருந்து வேறுபட்டது. மற்றவர்கள் விரும்பியதைச் சொல்கிறார்கள். பதிப்பாசிரியர் விரும்பியதை அச்சிட்டும் காட்டுகிறார். அச்சிடுவதில் நிறுவனத்தின் பணமும் அவருடைய பெயரும் பணயம் வைக்கப்படுகின்றன.

மாரிசனின் இளமைக்கால வாசிப்பு ஐரோப்பியச் செவ்வியல் சார்ந்தது. ஜேன் ஆஸ்டின், ஃப்ளாபேர், ரஷ்யர்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1955இல் அவர் முதுகலை ஆய்வேடு எழுதியது வர்ஜீனியா வூல்ஃபையும் ஃபாக்னரையும் பற்றி. லொரெய்னில் இருந்த ஒரு கறுப்புச் சிறுமிக்காக டால்ஸ்டாய் எழுதவில்லை, ஆனாலும் அவை தன்னிடம் வந்து சேர்ந்தன என்னும் பொருளில் அவர் பேசியிருக்கிறார். ஆகவே தானும் தன் ஊருக்காக எழுதினால் போதும், விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது அவர் கண்ட முடிவு.

இந்த முடிவுக்கு அவரை இட்டுச்சென்றவர்கள் ஆப்பிரிக்க எழுத்தாளர்கள். ராண்டம் ஹவுஸில் அவருடைய தொடக்ககாலப் பணிகளில் ஒன்று 1972இல் வெளியான 'கன்டெம்பரரி ஆஃப்ரிக்கன் லிட்டரேச்சர்' என்ற தொகை நூல். அச்செபேயும் சோயின்காவும் அதில் இடம்பெற்றார்கள். வெள்ளையரின் பார்வையைப் பொருட்படுத்தாமல் எழுத முடியும் என்பதைத் தனக்குக் காட்டியவர்களாக அச்செபேயையும் பெஸ்ஸி ஹெட்டையும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். இதற்கு மறுபக்கத்தில் ரால்ஃப் எல்லிசனின் 'இன்விசிபிள் மேன்' தலைப்பு குறித்து அவர் எழுப்பிய புகழ்பெற்ற கேள்வி இருக்கிறது: யாருடைய கண்ணுக்குப் புலப்படாதவன்? தனக்கு அவன் நன்றாகவே தெரிகிறான் என்பது அதன் உட்பொருள். எல்லிசனின் நாவலை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் இந்தக் கேள்விக்குப் பிறகு அந்தத் தலைப்பைப் பழையபடி வாசிக்க முடியவில்லை.

கினி நாட்டு எழுத்தாளர் கமாரா லாயேயின் 'த ரேடியன்ஸ் ஆஃப் த கிங்' அவருக்கு மிகவும் உவப்பான நாவல். பிரெஞ்சு மூலம் 1954இல் வந்தது. சூதாட்டத்தில் எல்லாவற்றையும் தோற்றுவிட்ட க்ளாரன்ஸ் என்னும் வெள்ளைக்காரன், ஆப்பிரிக்க அரசனிடம் வேலை கிடைக்கும் என்று நம்பி அலைகிறான். வெள்ளையன் என்பதே தகுதி என்று எண்ணியிருந்தவன், தான் விற்கப்பட்டதுகூடத் தெரியாமல் தெற்கே ஓர் ஊரில் வாழ்கிறான். 2001இல் வெளியான மறுபதிப்புக்கு மாரிசன் எழுதிய முன்னுரையைத் தேடிப் படிக்கவேண்டும். தான் பிறப்பதற்கு முன்பே ஆப்பிரிக்காவுக்கு ஐரோப்பியர் சூட்டிவிட்ட உருவகங்களை லாயே எப்படி ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப்போடுகிறார் என்று காட்டும்போது, நமக்கு 'டிக் அண்ட் ஜேன்' பத்தி நினைவுக்கு வராமல் போகாது.

அவர் அச்சிட்ட பட்டியல் இன்னும் சுவையானது. டோனி கேட் பம்பாராவின் 'கொரில்லா, மை லவ்' (1972), ஏஞ்செலா டேவிஸின் தன்வரலாறு (1974), முகமது அலியின் தன்வரலாறு (1975), லூசில் க்ளிஃப்டனின் 'ஜெனரேஷன்ஸ்' (1976). 1968இல் நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில் காவலர் ஒருவரால் சுட்டுக்கொல்லப்பட்ட ஹென்றி டூமாவின் கதைகளும் கவிதைகளும் 1974இல் அவர் முயற்சியால் பரவலான வாசகர்களை அடைந்தன. இவற்றில் நான் முதலிடம் தருவது கேயில் ஜோன்ஸின் 'கொரெகிடோரா' (1975) நாவலுக்கு. அடிமை முதலாளி ஒருவன் தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்கு இழைத்ததை, ஆவணங்கள் எரிக்கப்பட்ட பிறகு, பெண்களின் நாவும் கருப்பையுமே சாட்சியாக நின்று காப்பதைச் சொல்லும் நாவல். இதற்குப் பிறகு கறுப்புப் பெண்ணைப் பற்றிய எந்த நாவலும் முன்போல் இருக்க இயலாது என்று மாரிசன் கருதினார். 'பிலவ்ட்' நாவலே அதற்குச் சான்று.

'பிலவ்ட்' நாவலின் விதை கிடைத்ததும் எடிட்டிங் மேசையில்தான். 1974இல் அவர் உருவாக்கிய 'த பிளாக் புக்' ஒரு விசித்திரமான நூல். பத்திரிகைத் துணுக்குகள், ஏல அறிவிப்புகள், புகைப்படங்கள், காப்புரிமை வரைபடங்கள், பாட்டுப் புத்தக அட்டைகள் என்று முந்நூறு ஆண்டுக் கறுப்பின வாழ்வின் ஒட்டுப் புத்தகம். அதற்காகச் சேர்ந்த துணுக்குகளில் ஒன்று, 1856இல் தன் குழந்தையைக் கொன்ற மார்கரெட் கார்னர் என்ற அடிமைத் தாயைப் பற்றியது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அது நாவலாயிற்று.

முதல் நாவலைத் தன் நிறுவனத்துக்கு அவர் கொடுக்கவில்லை. எழுதுவதையே அலுவலகத்தில் சொல்லவில்லை. ஹோல்ட், ரைன்ஹார்ட் அண்ட் வின்ஸ்டன் வெளியிட்டது. நியூயார்க் டைம்ஸில் ஜான் லெனர்ட் பாராட்டி எழுதினார். ஆனாலும் சில ஆண்டுகளில் நாவல் அச்சில் இல்லாமல் போயிற்று. (பின்னாளில் அதே நாவல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டுப் பட்டியலில், அதிகம் எதிர்ப்புக்குள்ளான நூல்களில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது வேறு கதை.) 'சுலா' முதல் அவருக்குப் பதிப்பாசிரியராக வாய்த்தவர் நாஃப் நிறுவனத்தின் ராபர்ட் காட்லீப். 'சுலா' சிறுகவிதை போலக் கச்சிதமாக இருக்கிறது, இனி நீங்கள் கையை விரித்து எழுதலாம் என்று அவர் மாரிசனிடம் சொன்னாராம். 'சாங் ஆஃப் சாலமன்' (1977) அப்படி விரிந்த கையால் எழுதப்பட்டது. பதிப்பாசிரியருக்கும் ஒரு பதிப்பாசிரியர் வேண்டியிருந்தது என்பதை, கைப்பிரதி நேரே அச்சகத்துக்குப் போகும் நம் சூழலில் கொஞ்சம் பொறாமையோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

முதல் நாவலின் குறையும் இந்த இறுக்கத்திலிருந்தே வருகிறது. எல்லாப் பக்கங்களிலிருந்தும் பெக்கோலாவைச் சூழ்ந்துகொண்டு ஆட்கள் பேசுகிறார்கள். நடுவில் அவள் இருக்கவேண்டிய இடம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கிறது. சாலிக்குக் கிடைத்திருக்கும் அடர்ந்த மொழி அவளுக்குக் கிடைக்கவில்லை. மாரிசனே 1993இல் எழுதிய பின்னுரையில் இதை ஒப்புக்கொள்கிறார். நடுவில் விழுந்த வெற்றிடத்தைத் தன்னால் உரிய முறையில் கையாள முடியவில்லை என்றும், பாலீன் பகுதியில் இரண்டு குரல்களை நாட வேண்டியதாயிற்று என்றும், வாசகர்கள் இரங்குகிறார்களே தவிர உலுக்கப்படுவதில்லை என்றும் கடுமையாகவே எழுதியிருக்கிறார். பெக்கோலா விஷயத்தில் அவர் சொல்வது சரி. பாலீன் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. திரையரங்கின் இருட்டில் உட்கார்ந்து ஜீன் ஹார்லோவைப் போலக் கூந்தலை வாரிக்கொண்ட அந்தப் பெண், பல் விழுந்த கணத்தைச் சொந்தக் குரலில் சொல்லும்போது நாவல் வேறெங்கும் அடையாத ஓர் எளிமையை அடைகிறது. அந்த இரண்டு குரல்களில் ஒன்று குறைந்திருந்தாலும் அது நேர்ந்திராது.

நோபல் பரிசு பெற்ற பின்னும் அவர் பிறர் கைப்பிரதியைத் தொடுவதை நிறுத்தவில்லை. பம்பாரா 1995இல் இறந்தபோது, அட்லாண்டா நகரில் கறுப்பினக் குழந்தைகள் கொல்லப்பட்டதைப் பற்றிய பெருநாவல் ஒன்று முடிக்கப்படாமல் கிடந்தது. மாரிசன் அதைச் செப்பனிட்டு 1999இல் 'தோஸ் போன்ஸ் ஆர் நாட் மை சைல்ட்' என்று வெளியிட்டார். தோழியின் நாவலுக்கு இவ்வளவு உழைத்தவர், குறையுள்ளது என்று தானே சொன்ன தன் முதல் நாவலில் மட்டும் கை வைக்கவில்லை. மறுபதிப்புகள் பல வந்தன. 1970இல் எழுதியதை அப்படியே விட்டுவிட்டு, கடைசியில் அந்தப் பின்னுரையை மட்டும் சேர்த்தார்.