கருப்பணியும் கடைவாய்ப் பல்லும்

சித்திரை பிறந்துவிட்டால், கரவெட்டியில் வெயில் ஏறுமுன்பே தாகம் ஏறிவிடுகிறது. சந்தையில் நுங்குக் குலைகள் குவிகின்றன. கோயில் வீதிகளில் தண்ணீர்ப் பந்தல்கள் எழுகின்றன. பிற்பகலில் ஐஸ்பழ வண்டியின் மணியோசை கேட்டதும் ஒழுங்கையெங்கும் சிறுவர் ஓடுகின்றனர். இவ்வின்பங்களை ஒழித்துவிட வேண்டும் என்று எழுத நான் வரவில்லை. கோடையைத் தாங்குவதற்கு வாய்த்த ஆறுதல்கள் இவை. ஆயினும், இவற்றைக் குறித்து நம்மிடையே வேரூன்றியுள்ள ஒரு நம்பிக்கையைச் சற்று ஆராய்ந்து பார்க்க விரும்புகிறேன்.

கடைச் சோடாவும் வெள்ளைச் சீனியுமே பல்லைக் கெடுக்கும், பனை தந்த இனிப்பு ஒன்றும் செய்யாது என்பதே அந்த நம்பிக்கை. நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் அம்மாவின் பற்களே என்னைத் திருத்தின.

அம்மா சோடா குடித்ததை நான் கண்டதில்லை. வெறுந்தேநீரில் ஒரு மிடறு, பனங்கட்டியில் ஒரு கடி என நாள்தோறும் ஐந்தாறு தடவை அருந்துவார். வேப்பங்குச்சியால் தவறாது பல் துலக்குவார். இருந்தும், ஐம்பத்தைந்து வயதுக்குள் கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகச் சொத்தையாகிப் போயின. புழுக்கொடியல் அவருக்குப் பெருவிருப்பம். இறுதிக் காலத்தில் அதனைப் பாக்குரலில் இடித்துத் தூளாக்கிக் கொடுப்போம். ஒருநாள் அத்தூளை வாயிலிட்டுவிட்டு, “கடிச்சுத் தின்னாத ஒடியலும் ஒரு ஒடியலோ, தம்பி?” என்றார். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

நடந்தது இதுதான். பற்களின்மேல் படிந்திருக்கும் நுண்ணுயிர்கள் இனிப்பை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் மேற்படையாகிய மிளிரியைக் கரைக்கிறது. உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, இழந்த கனிப்பொருளை மெல்ல மீட்டுத் தருகிறது. அதற்கு அரை மணி நேரமேனும் வேண்டும். அதற்குள் அடுத்த கடி விழுந்தால் மீட்சி எங்ஙனம் நிகழும்? பனங்கட்டியிலும் வெள்ளைச் சீனியிலும் பெரும்பங்காய் இருப்பது சுக்குரோசே. நுண்ணுயிர் அது பிறந்த ஊரை விசாரிப்பதில்லை.

சுவீடனில் விப்பகோல்ம் என்னும் மனநோயாளர் விடுதியில் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவுகள் 1954-ஆம் ஆண்டு வெளிவந்தன. நோயாளரின் சம்மதமின்றி அவர்களுக்கு இனிப்பூட்டிச் செய்த அச்செயலை இன்று எவரும் போற்றார். எனினும் அது காட்டிய உண்மை நிலைத்துவிட்டது: உணவோடு உண்ட இனிப்பு விளைத்த தீங்கு சிறிது, உணவுகளுக்கிடையே, பல்லில் ஒட்டும் வடிவில், அடிக்கடி உண்ட இனிப்பு விளைத்த தீங்கே பெரிது. அளவினும் தடவையே பல்லுக்குப் பெரும் பகை.

இவ்வுரைகல்லில் நம் கோடைப் பண்டங்களை உரைத்துப் பார்ப்போம். சுண்ணாம்பிட்ட முட்டியில் இறக்கிய கருப்பணியில் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பங்கு இனிப்பு உண்டு. சோடாவுக்கு அது பெரிதும் இளைத்ததன்று. இலங்கையில் போத்தற் பானங்களின் சீனியளவை நிறவட்டத்தால் காட்டவேண்டும் என்ற விதி 2016-இல் வந்தது. நம் பிளாவில் அத்தகைய வட்டம் இல்லை! ஆனால் கருப்பணியைப் பனையடியில் நின்று, மாங்காய்க் கீறலோடு, ஒரே மூச்சில் குடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். பனைக்குப் பருவமும் உண்டு. சோடாப் போத்தலோ ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. பிற்பகல் முழுவதும் கையிலிருந்து இறங்குவதில்லை. ஐஸ்பழத்தையும் பிள்ளைகள் நெடுநேரம் சப்பிக்கொண்டிருக்கிறார்கள். தேசிக்காய்த் தண்ணீரில் சீனியோடு புளிப்பின் அமிலமும் சேர்கிறது. மோரும் கிணற்றுத் தண்ணீருமே எந்நேரமும் அஞ்சாது அருந்தத்தக்கவை.

ஆகவே, நான் வேண்டுவது துறவு அன்று, ஒழுங்கு மட்டுமே. இனிப்பை உணவோடு சேர்த்து உண்போம். உண்டபின் தண்ணீரால் வாய் கொப்பளிப்போம். புளிப்புண்டவுடன் பல் துலக்கினால், இளகிய மிளிரி தேயும். அரை மணி நேரம் பொறுத்துத் துலக்குவதே நன்று. இரவில் புளோரைட்டுக் கலந்த பற்பசையால் துலக்கியபின் தண்ணீரன்றி வேறெதுவும் வாயிற் படலாகாது. சீனிப்பால் போத்தலோடு குழந்தையை உறங்க விடுதல் அன்பாகாது. பாற்பல் விழப்போவதுதானே என்ற அலட்சியமும் வேண்டாம். அப்பல்லின் வலி குழந்தையின் உணவையும் உறக்கத்தையும் பறித்துவிடும். அரசாங்க வைத்தியசாலைகளில் பற்சிகிச்சை இலவசம். நாமோ வலி வந்தபின்பே அங்கு போகிறோம்.

இந்தச் சித்திரையிலும் என் பேரன் ஒரு பிளா கருப்பணி கேட்டான். மறுக்கவில்லை. குடித்து முடிந்ததும் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று வாய் கொப்பளிக்கச் செய்தேன். பின்னர் திண்ணையில் அமர்ந்து அவன் ஒடியலைக் கடிக்கும் ஓசையை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.