கஷாயத்துக்குக் கணக்குக் கேட்டால் கோபம் ஏன்?

சென்ற மாதம் ராகலையில் ஒரு மூலிகைக் கடையில் நின்றேன். சர்க்கரை வியாதிக்கென்று ஒரு பொடி விற்றார்கள். என்னென்ன சேர்ந்தது என்று கேட்டேன். “பதினெட்டு மூலிகை ஐயா, எல்லாம் இயற்கை” என்றார் கடைக்காரர். எந்தப் பதினெட்டு? விடையில்லை. பக்கத்தில் நின்ற தோட்டத்து அம்மாவோ, டிஸ்பென்சரியில் தந்த மெட்போமினை நிறுத்திவிட்டு இதைத்தான் சாப்பிடுகிறாராம்.

நான் மூலிகைக்கு எதிரியல்லன். லயத்தில் காய்ச்சல் கண்டால் கொத்தமல்லியும் சுக்கும் கொதித்த நீரைக் குடித்து வளர்ந்தவன். சிங்களவரின் பஸ்பங்குவவில் ஐந்து சரக்கு, நமது நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது. ஒன்றின் வேகத்தை மற்றது தணிக்கும், ஒன்றுக்கு மற்றது துணைநிற்கும் என்பது முன்னோர் போட்ட கணக்கு. அந்தக் கணக்கைச் சரிபார்ப்பதே அவமதிப்பு என்கிறார்களே, அவர்களோடுதான் என் வழக்கு.

சீனாவைப் பார் என்கிறார்கள். பார்ப்போம். மலேரியாவுக்கு மருந்து தேடிய து யூயூ, 4ஆம் நூற்றாண்டு ஏடொன்றில் மூலிகைக் குறிப்பைக் கண்டதும் விற்பனைக்குக் கிளம்பிவிடவில்லை. கொதிக்க வைத்தால் சத்து அழியுமோ என ஐயுற்று, 1971இல் குறைந்த வெப்பத்தில் ஈதரால் பிரித்தெடுத்தார், விலங்குகளில் சோதித்தார், தாமே உட்கொண்டும் பார்த்தார். நொபெல் பரிசு 2015இல் வந்தது. அந்த ஆர்ட்டிமிசினின் வகையும் இன்று தனித்துக் கொடுக்கப்படுவதில்லை. கிருமி பழகிவிடாதிருக்க இன்னொரு மருந்தோடு சேர்த்தே தருகிறார்கள். கூட்டு மருந்துதான், ஆனால் மில்லிகிராம் எழுதிய கூட்டு.

எங்களுக்கு இயலாததா? கொத்தல ஹிம்புட்டுவிலிருந்து 1997இல் சலசினோலைப் பிரித்தவர்கள் ஜப்பானியர். மாச்சத்து சர்க்கரையாக உடைவதை அது மந்தப்படுத்துகிறது. ஆனால் 2005இல் வெளியான ஆய்வு இலங்கையினுடையது: 51 நோயாளிகளுக்கு மூன்று மாதம் அசல் மூலிகைத் தேநீர், மூன்று மாதம் போலித் தேநீர். அசலைக் குடித்த காலத்தில் சர்க்கரையின் சராசரி அளவு குறைந்தது. கவனியுங்கள், வழக்கமான மாத்திரையை நிறுத்திவிட்டு அல்ல, அதனோடு சேர்த்து.

இப்படிச் செய்யத் தெரிந்த நாட்டில்தான் 2020 டிசம்பரில் கேகாலையில் கொவிட் பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். தேனும் சாதிக்காயும் கலந்த பாணி. பகிரங்கமாக அதைப் பருகிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று.

1961 முதல் ஆயுர்வேதச் சட்டம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள். ஒரு பொட்டலத்தில் சரக்கின் பெயரையும் நிறையையும் தமிழில் அச்சிடுவிக்க இன்னும் என்ன வேண்டும்? அந்த அம்மாவின் பொட்டலத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிள்ளையார் படம் இருந்தது. கீழே ஒரு தொலைபேசி எண்.