நுழையுது, அதுக்காகப் பொருந்துமா?

டிஸ்கி: இது கேஸ் சிலிண்டர் பற்றிய பதிவு இல்லை. மானியம், புக்கிங் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். ரிவால்வரில் தோட்டாக்களைச் சுமந்துகொண்டு சுழலுமே ஒரு உருளை, அந்த சிலிண்டர்.

'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி' படத்தை (1966) பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. அதில் டூகோவாக வரும் எலி வாலக் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் நுழைவார். கடைக்காரர் எடுத்து வைக்கிற ரிவால்வர்களை வரிசையாகக் கழட்டுவார். ஒன்றிலிருந்து பேரல், இன்னொன்றிலிருந்து சிலிண்டர். காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுழற்றி 'டிக் டிக்' சத்தம் கேட்பார். பிடிக்கவில்லையா, அடுத்தது. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே துப்பாக்கியாக்கி, அதை வைத்தே கடைக்காரரிடம் கல்லாவையும் பிடுங்கிக்கொண்டு போவார். காலேஜ் ஹாஸ்டலில் அந்தக் காட்சியை மட்டும் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்போம் என்று கணக்கில்லை. எங்கள் மெஷின் டிராயிங் வாத்தியார் நாலு செமஸ்டரில் சொல்லித் தராததை இந்த ஆள் ரெண்டு நிமிஷத்தில் சொல்லிட்டாரே என்று ஒரு புல்லரிப்பு.

இப்போது அந்தக் காட்சியைப் பார்த்தால் எனக்கு வலது கன்னம் அரிக்கிறது. காரணம் சொல்கிறேன்.

டெக்ஸாஸில் ஆன்சைட். என் டீமில் ரிட்டயர்மெண்டுக்கு ரெண்டு வருஷம் மிச்சம் வைத்திருந்த ஒரு அமெரிக்கப் பெரியவர். மெயின்ஃபிரேம் காலத்து ஆள், துப்பாக்கிப் பிரியர். அவரிடம் ஒரு பழைய சிங்கிள் ஆக்ஷன் .22 ரிவால்வர் இருந்தது. அதற்கு .22 மேக்னம் தோட்டா போடுகிற சிலிண்டர் ஒன்றைத் தனியாக ஏலத்தில் வாங்கிவிட்டார். விற்றவர் போட்டிருந்த விளம்பரம்: 'அப்படியே மாட்டலாம், எந்த வேலையும் தேவையில்லை'. பெரியவர் பிரித்துக் காட்டிவிட்டு, "நீ மெக்கானிக்கல் இன்ஜினியர் தானேப்பா, சரியா இருக்கா பாரு" என்றார்.

ஆபீஸில் ஆணி பிடுங்கிப் பிடுங்கித் துருப்பிடித்துப் போயிருந்த என் பி.இ. பட்டத்துக்கு அன்றைக்குத்தான் ஒரு மரியாதை கிடைத்தது. அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அச்சாணிக் கம்பி சுலபமாகப் போனது. சிலிண்டர் வழுக்கிக்கொண்டு சுற்றியது. சுத்தியைப் பின்னால் இழுத்ததும் 'டிக்' என்று நின்று பூட்டிக்கொண்டது. டூகோ மாதிரியே காதில் வைத்தும் கேட்டேன் (வெட்கம்தான், என்ன செய்ய). "கச்சிதம்" என்று சொல்லிவிட்டேன்.

சிலிண்டர் என்பது தோட்டா போட்டு வைக்கும் டப்பா என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது டப்பா இல்லை. வெடிப்பு நடப்பதே அதற்குள்தான். சாதாரண பிஸ்டலிலும் ரைஃபிளிலும் தோட்டா உட்காரும் அறை, பேரலின் ஒரு பகுதி. இரண்டும் ஒரே இரும்பு. ரிவால்வரில் மட்டும் அந்த அறையைப் பேரலிலிருந்து வெட்டியெடுத்து, ஆறாக்கி, ஒரு உருளையில் வைத்துச் சுழலவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு தடவையும் குண்டு ஒரு இரும்பிலிருந்து புறப்பட்டு, நடுவில் ஒரு சந்தைத் தாண்டி, இன்னொரு இரும்புக்குள் நுழைகிறது. அந்தச் சந்து பொதுவாக 0.004 முதல் 0.008 அங்குலம். அறையும் பேரலும் நேர்கோட்டில் நிற்க வேண்டும். நிற்க வைப்பது யார்? சிலிண்டரின் முதுகில் உள்ள பல்சக்கரம், அதைத் தள்ளும் 'கை' என்ற சின்ன உறுப்பு, பள்ளத்தில் விழுந்து பூட்டும் இன்னொரு உறுப்பு. இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். காதில் கேட்கும் 'டிக்', பூட்டு விழுந்தது என்று மட்டும்தான் சொல்லும். நேராக நிற்கிறதா என்று சொல்லாது.

"அப்போ வேற காலிபர் சிலிண்டர் மாத்தவே கூடாதா?" என்றால், அப்படியும் இல்லை. ரூகர் கம்பெனிக்காரர்கள் பல வருஷமாக ரெண்டு சிலிண்டரோடு ரிவால்வர் விற்றிருக்கிறார்கள். சிங்கிள் சிக்ஸில் .22 எல்.ஆருக்கு ஒன்று, .22 மேக்னத்துக்கு ஒன்று. பிளாக்ஹாக்கில் .357 மேக்னமும் 9 மி.மீட்டரும், இல்லையென்றால் .45 கோல்ட்டும் .45 ஏ.சி.பியும். பேரல் ஒன்றுதான், சிலிண்டர் ரெண்டு. 9 மி.மீ. குண்டின் விட்டம் 0.355 அங்குலம், .357 உடையது பெயரிலேயே இருக்கிறது. வித்தியாசம் சொற்பம் என்பதால் ஒரே பேரல் சமாளிக்கிறது. ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. அந்த இரண்டாவது சிலிண்டர் அதே துப்பாக்கியில் வைத்துப் பொருத்திப் பார்க்கப்பட்டது. அதனால்தான் துப்பாக்கியின் சீரியல் நம்பருடைய கடைசி இலக்கங்களை அதன் மேல் கீறி அனுப்புகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் அதே மாடல் துப்பாக்கிக்கு அது பொருந்தும் என்று கம்பெனிகூடச் சொல்வதில்லை. பெரியவர் வாங்கிய சிலிண்டரிலும் இப்படி மூன்று இலக்கம் கீறியிருந்தது. அது யாருடைய துப்பாக்கியோ! நானும் பார்த்தேன், பார்ட் நம்பர் என்று நினைத்துக்கொண்டேன்.

காலிபர் பெயரை நம்புவது அடுத்த ஏமாற்று. உள்நாட்டுப் போர்க் கால ரெமிங்டன் ரிவால்வரின் இன்றைய நகல்கள் '.44' என்றுதான் விற்பனையாகின்றன. பொடியும் குண்டும் தனித்தனியாகக் கெட்டிக்கும் ரகம். அதில் உலோகத் தோட்டா போட மாற்று சிலிண்டர் கிடைக்கிறது. அது எந்தக் காலிபர் தெரியுமா? .45 கோல்ட்! அந்த '.44' பேரலின் உள்ளளவு உண்மையில் 0.45 அங்குலத்துக்குப் பக்கம் என்பதால் சரியாகப் போகிறது (அழுத்தம் குறைந்த தோட்டாவுக்கு மட்டும், இரும்புச் சட்டம் உள்ளதில் மட்டும் என்ற நிபந்தனைகளோடு). ஆக பெயர் வேறு, பொருத்தம் உண்டு.

இதற்கு நேர் எதிரான கதை இரண்டாம் உலகப் போரில். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பிரிட்டனுக்காக லட்சக்கணக்கில் ரிவால்வர் செய்து கொடுத்தது. பிரிட்டனின் தோட்டாவும் '.38', அமெரிக்காவின் ஸ்பெஷலும் '.38'. ஆனால் பிரிட்டிஷ் தோட்டா குட்டை, குண்டு: 0.361 அங்குலம். அமெரிக்க ஸ்பெஷல் நீளம், ஒல்லி: 0.357. போர் முடிந்து மிஞ்சிய துப்பாக்கிகள் சந்தைக்கு வந்தபோது, வியாபாரிகள் சிலிண்டர் அறைகளை நீளமாகக் குடைந்து '.38 ஸ்பெஷல் போடலாம்' என்று விற்றார்கள். தோட்டா நுழைந்தது, வெடித்தது. ஆனால் அறையின் பின்பாதி ஒல்லித் தோட்டாவுக்கு மிக அகலம். வெளியே எடுத்தால் பித்தளை உறை வயிறு உப்பிப்போய் வரும், சில சமயம் கிழிந்தே வரும்.

பிரிட்டனின் வெப்லி .455 ரிவால்வருக்கும் இதே கதி. சிலிண்டரின் பின்பக்கத்தைக் கொஞ்சம் சீவினால் அமெரிக்க .45 ஏ.சி.பி. உள்ளே போகும். ஆனால் அந்தத் தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு வரை ஏறலாம். வெப்லி அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. நூறு தடவை சுட்டும் ஒன்றும் ஆகலை என்று சொல்பவர்கள் உண்டு. புரொடக்ஷனில் ரெண்டு வருஷம் ஓடின கோடு, லீப் வருஷத்தில் படுத்த கதை நமக்கெல்லாம் தெரியாததா :-)

என் கட்சியை இங்கேதான் சொல்ல வேண்டும். துப்பாக்கியில் தப்பான தோட்டாவைத் தடுக்கிற காவலாளி அந்த அறை மட்டும்தான். 1935-ல் .357 மேக்னம் வந்தபோது .38 ஸ்பெஷலைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீளமாகச் செய்தார்கள். பலமான புதுத் தோட்டா பழைய, பலம் குறைந்த துப்பாக்கிக்குள் நுழையவே கூடாது என்பதற்காக! படிக்காதவன், அவசரக்காரன், குடித்தவன் யாராக இருந்தாலும் இரும்பே "போகாது" என்று சொல்லிவிடும். சிலிண்டரை மாற்றுகிறவன் தோட்டாவை மாற்றவில்லை, இந்தக் காவலாளியை டிஸ்மிஸ் செய்துவிட்டுப் புது ஆளைப் போடுகிறான். புது ஆள் எதை வேண்டுமானாலும் உள்ளே விடுவான். பேரல் கேட்காது, சட்டம் கேட்காது. எனவே 'அப்படியே மாட்டலாம்' என்று உதிரி சிலிண்டர் விற்பதை நான் வெறும் மிகையான விளம்பரம் என்று எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. அது பொய். வாங்குபவரின் துப்பாக்கியைக் கண்ணால் பார்க்காதவர் சொல்லவே முடியாத விஷயம்.

"அந்தக் காலத்தில் எல்லோரும் மாற்றிக்கொண்டுதானே இருந்தார்கள்?" என்று பெரியவரே பின்னால் என்னிடம் வாதாடினார். மாற்றினார்கள், அதே துப்பாக்கிக்கு, அதே காலிபரில். 'பேல் ரைடர்' (1985) படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் மாற்றுவதும் அப்படித்தான். உதிரி பாகங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்று பெயர் வாங்கிய கோல்ட் கம்பெனியின் பழைய ரிவால்வரை எடுத்துப் பாருங்கள். சட்டம், பேரல், சிலிண்டர் எல்லாவற்றிலும் ஒரே சீரியல் நம்பர் குத்தியிருக்கும். கையால் ராவிப் பொருத்தியதை மறுபடி ஜோடி சேர்க்க அந்த நம்பர் வேண்டியிருந்தது.

சரி, அன்றைக்கு என்ன நடந்தது? ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்குப் போனோம். என் மாதிரி விசாவில் இருப்பவன் துப்பாக்கியைத் தொடக் கூடாது (வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் தவிர) என்பதால் வேடிக்கை பார்க்க நின்றேன். நின்ற இடம்தான் தப்பு. பின்னால் நிற்காமல், நன்றாகத் தெரியட்டும் என்று பக்கவாட்டில், சிலிண்டருக்கு நேராக. முதல் குண்டு, ரெண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவதில் கன்னத்தில் யாரோ ஊசியால் குத்திய மாதிரி சுரீர். கையை வைத்தால் ரத்தம். மேக்னம் குண்டின் செம்பு உறையிலிருந்து சீவி வந்த துணுக்கு, பாதுகாப்புக் கண்ணாடியின் கீழ் விளிம்புக்கு ஒரு விரல்கடை கீழே. பெரியவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கச்சிதம்னு சொன்னியே" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

மறுநாள் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் போனோம். அவர் பேரல் வழியாக அளவுக் கம்பி ஒன்றை இறக்கினார். நாலு அறையில் சரசரவென்று போனது, ரெண்டில் விளிம்பில் தட்டி நின்றது. நம்மூர் மெக்கானிக் டேப்பெட் பார்ப்பாரே, அதே ஃபில்லர் கேஜை எடுத்துச் சந்தில் விட்டார். அதுவும் அளவுக்கு மேல். மொத்தம் அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு வருஷம் லிமிட்ஸ், ஃபிட்ஸ், டாலரன்ஸ் என்று எழுதிப் பாஸ் பண்ணிய நான், அளந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. சுற்றுகிறது, பூட்டுகிறது, அவ்வளவுதான் என் டெஸ்ட் கேஸ்.

விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். 'மாட்ட முடிந்ததா இல்லையா?' என்று பதில் எழுதியிருந்தாராம். பெரியவர் அந்த சிலிண்டரை வேறு யாருக்கும் விற்கவில்லை. ஆபீஸ் மேஜையில் நிமிர்த்தி வைத்து ஆறு அறையிலும் பேனா ரீஃபில் செருகி வைத்திருந்தார், நான் ஊர் திரும்பும் வரைக்கும்.