கணக்கு ஒன்று, விடை இரண்டு

சென்ற மாதம் ஒரு நாள் காலை, பிரேசர் டவுன் கோல்ஸ் பார்க்கில் நடை முடித்து நாங்கள் நால்வர் உட்கார்ந்திருந்தோம். பேச்சு நாட்டின் வறுமையைப் பற்றித் திரும்பியது. "2011-12-இல் நூற்றுக்கு 22 பேர்தான் ஏழைகள். அரசாங்கக் கணக்கு!" என்றார் ஒரு நண்பர். "யார் சொன்னது? ஏறக்குறைய 30 பேர். அதுவும் அரசாங்கம் அமைத்த குழுவின் கணக்குதான்" என்றார் மற்றவர். நாற்பது வருடச் சிநேகிதர்கள், அன்று வழக்கமான காபி கூடக் குடிக்காமல் பிரிந்தார்கள்.

வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தேன். இருவர் சொன்னதும் சரிதான்! டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 21.9 சதவீதம். டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 2014-இல் தந்த அறிக்கைப்படி 29.5 சதவீதம். இரண்டுக்கும் அடிப்படை, தேசிய மாதிரி ஆய்வு அலுவலகம் 2011-12-இல் நடத்திய 68-ஆவது சுற்று ஆய்வுதான். தலைக்கணக்கில் வித்தியாசமோ 9 கோடிக்கு மேல். 2011-இல் தமிழ்நாட்டின் மொத்த ஜனத்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான்!

யாரும் பொய் சொல்லவில்லை. கோடு போட்ட இடம்தான் வேறு. நகரத்தில் ஒருவருக்கு மாதம் 1,000 ரூபாய் என்பது முதல் முறையின் அகில இந்தியக் கோடு; 1,407 ரூபாய் என்பது இரண்டாவது. ஐந்து பேர் உள்ள குடும்பம் 6,000 ரூபாயில் மாதத்தைத் தள்ளியிருந்தால், ஒரு கணக்கில் அது ஏழைக் குடும்பம், மற்றதில் இல்லை.

கேள்வி கேட்கும் விதத்திலும் விடை மாறும். கடந்த 30 நாளில் எவ்வளவு எண்ணெய், காய்கறி வாங்கினீர்கள் என்று கேட்டால் ஒரு பதில். கடந்த 7 நாளில் என்று கேட்டால் வேறு பதில். 1990-களில் உணவுக்கு 7 நாள், துணிமணி போன்றவற்றுக்கு ஒரு வருடம் என்று மாற்றிக் கேட்டுச் சோதித்தார்கள். ஏழைகளின் தொகை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. யார் வயிறும் புதிதாக நிறையவில்லை, கேள்வித்தாள்தான் மாறியது.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. கறுப்பு நிறக் கால்பந்து வீரர்களுக்கு நடுவர்கள் அதிகமாகச் சிவப்பு அட்டை காட்டுகிறார்களா என்று ஆராய, ஒரே புள்ளிவிவரத்தை 29 ஆராய்ச்சிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். 2018-இல் முடிவு வெளியாயிற்று. 20 குழுக்கள் 'ஆம்' என்றன. 9 குழுக்கள் உறுதியான தொடர்பு தெரியவில்லை என்றன.

ரயில்வேயில் உழைத்த எனக்கு இது புரியாத விஷயமல்ல. ஜோலார்பேட்டைக்கு அரை மணி தாமதமாக வரும் வண்டி, கடைசிப் பகுதியில் கொடுத்திருக்கும் உபரி நேரத்தால் பெங்களூருக்குச் சரியான நேரத்தில் வந்து சேரலாம். கடைசி நிலையத்தில் மட்டும் அளந்தால் வண்டி தாமதமில்லை. ஜோலார்பேட்டையில் கைக்குழந்தையோடு காத்து நின்றவருக்கு? எங்கே அளப்பது என்று தீர்மானிக்கும்போதே, யாருடைய கஷ்டம் கணக்கில் ஏறும் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது.

அப்படியானால் புள்ளிவிவரமெல்லாம் வீண் என்று தள்ளிவிடலாமா? கூடாது. கணக்கே இல்லாவிட்டால் ஏழையின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாது. ஆராய்ச்சியாளர்கள் எப்படிக் கணக்கிடப் போகிறார்கள் என்பதை விடை தெரியுமுன்பே எழுதி வைக்க வேண்டும். வேறு முறையில் போட்டால் என்ன வரும் என்பதையும் சேர்த்தே வெளியிட வேண்டும். படிக்கும் நாமும், நம் பிள்ளைகளும், "எத்தனை சதவீதம்?" என்பதோடு நிற்காமல் "எப்படிக் கணக்கிட்டார்கள்? யாரை விட்டுவிட்டார்கள்?" என்று கேட்கப் பழக வேண்டும்.

நண்பர்கள் இருவரிடமும் இதைச் சொன்னேன். மறுநாள் காபிக்கு வந்துவிட்டார்கள்.