எந்த மிதிவண்டி சிறந்தது?

இத்தாலி நாட்டின் கிசால்லோ குன்றின்மேல் சிறிய தேவாலயம் ஒன்று உள்ளது. புகழ்பெற்ற பந்தய வீரர்களின் பழைய மிதிவண்டிகள் அதன் சுவர்களை அணிசெய்கின்றன. அவற்றுள் சிறந்தது எது? விரைவே அளவுகோல் எனின் மெர்க்ஸ், மோசர் ஆகியோரின் வண்டிகளைக் கூறலாம். ஆயினும், 1972இல் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் கடந்து மெர்க்ஸ் படைத்த சாதனையை மோசர் 1984இல் முறியடித்தார். மோசரின் சாதனையையும் பிறர் முறியடித்தனர்.

எனவே, ஜீனோ பார்த்தலியின் பெயரைத் தாங்கிய வண்டியே முதன்மையானது. இரண்டாம் உலகப் போரின்போது, மிதிவண்டிச் சட்டத்தின் குழாய்க்குள் போலி அடையாளத் தாள்களை ஒளித்துச் சென்று, யூதர்களின் உயிர்காக்க உதவியவர் அவர். அதை வெளியே சொல்லிப் பெருமை தேடவில்லை. 2013இல் யாத் வாசெம் நினைவகம் அவரைச் சிறப்பித்தது. விரைவின் புகழ் அடுத்த சாதனை வரை. உயிர்காத்த அறத்தின் புகழோ என்றும் நிலைக்கும்.