நெஞ்சு வலியை வாயுப் பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள்



திடீரென நெஞ்சின் ஒரு பக்கம் குத்தி மூச்சு வாங்கினால், 'வாயுப் பிடிப்பு' என்று கஷாயம் குடித்துப் படுத்துவிடுவோர் பலர். நுரையீரலில் ஓட்டை விழுந்து, காற்று கசிந்து, நுரையீரல் சுருங்கியிருக்கலாம். ஒல்லியான, உயரமான இளைஞர்களுக்கும், புகைப்பவர்களுக்கும், காசநோய் கண்டவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். பெரும்பாலும் எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிடும்.

தேவைப்பட்டால் முதலில் நெஞ்சில் குழாய் செருகிக் காற்றை வெளியேற்றுவார்கள். கசிவு மீண்டும் வந்தால், நெஞ்சைப் பெரிதாகத் திறக்காமல், சிறு துளைகள் வழியே கேமரா செலுத்தி அதை அடைக்கலாம். வலி குறைவு, சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். கூலி வேலை செய்பவருக்கு அது பெரிய உதவி.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை ஜவ்வாது மலை மக்களுக்கும் தாமதமின்றிக் கிடைப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், கண்ணமங்கலம்.