பழைய மரப்படகுக்கு பெயிண்ட் அடித்தால் மட்டும் போதுமா?

நந்தனத்துக்காரர்களிடம் "போட்" என்றால் முதலில் போட் கிளப் ரோடு தான் ஞாபகத்துக்கு வரும். பெரிய பங்களாக்கள், காலையில் வாக்கிங் போகிறவர்கள்... அவ்வளவு தான். அந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்த மெட்ராஸ் போட் கிளப் 1867-ல் தொடங்கப்பட்டது. அடையாற்றங்கரையில் இன்றும் இருக்கிறது. ஆனால் சைதாப்பேட்டை பாலத்தை மூக்கைப் பொத்திக் கொண்டு தாண்டுகிற நம்மில் பலருக்கு, அந்த ஆற்றில் படகு போகும் என்பதே ஆச்சரியமான செய்தி.

நாலைந்து கிலோமீட்டர் தள்ளி பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம், ஊரூர் குப்பம் பக்கம் போனால் வேறு காட்சி. கரையில் வரிசையாகப் படகுகள். எல்லாம் பைபர் படகுகள். மரத்தில் செய்த கட்டுமரத்தையோ வள்ளத்தையோ தேடித்தான் பார்க்க வேண்டும். கண்ணில் பட்டாலும், மழைத்தண்ணீர் தேங்கி, பலகை விரிசல் விட்டு, ஒரு ஓரமாகக் கிடக்கும். இப்படிக் கிடக்கிற ஒரு பழைய மரப்படகுக்கு மூன்று வழிகள் தான் மிச்சம். ஒன்று, அடுப்புக்குப் போவது. இரண்டு, பளபளவென்று பெயிண்ட் அடித்து ஏதாவது ஓட்டல் வாசலில் பூந்தொட்டியாக நிற்பது. மூன்றாவது, யாராவது உட்கார்ந்து பழுது பார்த்து மறுபடி தண்ணீரில் விடுவது. இந்த மூன்றாவது வேலையைக் கல்லூரி மாணவர்கள் கையில் எடுக்க வேண்டும் என்பது தான் இந்தக் கட்டுரையின் வாதம். ஒன்றுமே தெரியாத கற்றுக்குட்டிகளாக இருந்தாலும் பரவாயில்லை!

"வேறு வேலை இல்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மீனவர்களே மரத்தை விட்டு விட்டார்களே! அவர்கள் விட்டதற்கு நல்ல காரணங்கள் இருந்தன. கட்டுமரத்துக்கு ஏற்ற பெரிய, எடை குறைந்த மரங்கள் கிடைப்பது கஷ்டமாகி விட்டது. இன்ஜின் வந்ததும் வேகமும் தூரமும் முக்கியமாகின. 1979-ல் தொடங்கி சென்னையில் இருந்து இயங்கிய ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், கடற்கரையில் நேராகக் கரையேறும் புதுவகைப் படகுகளைச் சோதித்துப் பார்த்தது. பிறகு 2004 டிசம்பர் 26 சுனாமி. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் பைபர் படகுகள். உயிரைப் பணயம் வைத்துக் கடலுக்குப் போகிறவரிடம் "பாரம்பரியத்தைக் காப்பாற்ற மரப்படகில் போங்கள்" என்று சொல்ல நமக்கு எந்த உரிமையும் கிடையாது. அது வேறு, இது வேறு. தொழிலுக்கு பைபர் இருக்கட்டும். அறிவுக்கு மரம் வேண்டும்.

என்ன அறிவு? கட்டுமரத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். ஆங்கிலத்தின் "கேட்டமரான்" நம்முடைய சொல்லில் இருந்து போனது என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் முழிப்போம். அதற்கு ஆணி கிடையாது. செதுக்கிய மரங்களைக் கயிற்றால் கட்டுவது தான் மொத்த வித்தையும். உள்ளே வரும் தண்ணீர் இடுக்கு வழியாக வெளியே போய்விடும், அதனால் தண்ணீர் நிறைந்து மூழ்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காய வைப்பார்கள், ஏனென்றால் மென்மையான மரம் தண்ணீரைக் குடித்துக் கனத்து விடும். துறைமுகம் வருவதற்கு முன்பு மெட்ராஸில் கப்பல் சரக்கையும் பயணிகளையும் கரை சேர்த்த மசூலா படகும் இப்படித்தான். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் உடையாது, வளைந்து கொடுக்கும். மெட்ராஸ் மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல் இந்தியப் படகுகளைப் பற்றி விரிவாக எழுதி வைத்தார். ஆனால் முடிச்சை எவ்வளவு இறுக்குவது என்பதைக் கையால் தான் படிக்க முடியும்.

இதற்கு ஒரு சமீபத்திய உதாரணம் உண்டு. இந்தியக் கடற்படை 2025 மே மாதம் கார்வாரில் "கௌண்டின்யா" என்ற தையல் கப்பலைச் சேர்த்துக் கொண்டது. ஐந்தாம் நூற்றாண்டு அஜந்தா ஓவியம் ஒன்றைப் பார்த்து வடிவமைத்தது. வரைபடம் எதுவும் மிச்சமில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் மாதிரியை வைத்துச் சோதித்தார்கள். நந்தனத்தில் இருந்து கோட்டூர்புரம் பாலம் தாண்டினால் வருகிற அதே ஐ.ஐ.டி. தான்! ஆனால் கப்பலைத் தைத்தவர்கள் கேரளத்துப் பாபு சங்கரனின் தலைமையில் வேலை செய்த தச்சர்கள். 2025 டிசம்பர் கடைசியில் போர்பந்தரில் கிளம்பி, 2026 ஜனவரியில் மஸ்கட் போய்ச் சேர்ந்தது. தைக்கத் தெரிந்த கைகள் இல்லாமல் போயிருந்தால் ஐ.ஐ.டி. மட்டும் என்ன செய்திருக்கும்?

சரி, கற்றுக்குட்டிகள் எங்கே ஆரம்பிப்பது? பெயிண்ட் டப்பாவில் இருந்து அல்ல! எல்லோரும் செய்யும் தப்பு அது தான். பெயிண்ட், அழுகலை மறைக்குமே தவிர நிறுத்தாது. முதல் வேலை, படகை நிழலில் சமமாக நிறுத்தி, உள்ளே இருக்கும் மண்ணையும் குப்பையையும் வாரி எடுப்பது. மரப்படகைக் கொல்வது கடல் தண்ணீரை விட உள்ளே தேங்குகிற மழைத்தண்ணீர் தான். பிறகு ஒரு குத்தூசியால் பலகையை அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரம் ஊசியைத் தடுக்கும், அழுகியது உள்ளே விடும். இரும்பு ஆணி அடித்த படகு என்றால் ஆணியைச் சுற்றிக் கறுத்த இடங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். துரு மரத்தையும் சேர்த்துத் தின்னும்.

அடுத்த தப்பு, இடுக்குகளில் கெட்டியாகும் பசையைத் திணிப்பது. வருடக்கணக்கில் வெயிலில் கிடந்த பலகை சுருங்கி இருக்கும். தண்ணீரில் விட்டால் ஊதிப் பெருக்கும். இடுக்கில் கல் மாதிரி எதையாவது அடைத்து விட்டால், பெருக்கிற பலகை எங்கே போகும்? பக்கத்துப் பலகையைத் தள்ளும், ஆணியைப் பிடுங்கும். அதனால் தான் பழைய ஆட்கள் பஞ்சையும் நாரையும் அடைத்து, குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசினார்கள். மரத்தோடு சேர்ந்து அசையும் பொருட்கள் அவை. "மேலே ஒரு கோட் பைபர் ஒட்டி விடலாமே" என்ற யோசனையும் இப்படித்தான். உள்ளே ஈரம் மாட்டிக் கொள்ளும், வெளியே பளபளப்பு, உள்ளே அழுகல்.

இதெல்லாம் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். இங்கே தான் விஷயமே இருக்கிறது. மரப்படகு கட்டத் தெரிந்த பெரியவர்களுக்கு வயதாகிக் கொண்டிருக்கிறது. அவர்களிடம் வேலை கேட்டு யாரும் வருவதில்லை. ஒரு கல்லூரி ஒரே ஒரு பழைய படகை உரிய விலை கொடுத்து வாங்கி, அந்தப் பெரியவரை வாரம் இரண்டு நாள் வரவழைத்து, பேராசிரியருக்குக் கொடுக்கும் மரியாதையோடு சம்பளமும் கொடுத்தால் என்ன குறைந்து விடும்? சும்மா வந்து சொல்லிக் கொடுங்கள் என்று கேட்பது சேவை அல்ல, சுரண்டல். மெக்கானிக்கல் மாணவர் கயிற்றின் பலத்தை அளக்கட்டும். தாவரவியல் மாணவி மரத்தை அடையாளம் காணட்டும். தமிழ் மாணவர்கள் அந்தப் பெரியவர் வாயில் இருந்து வரும் ஒவ்வொரு தொழில் சொல்லையும் எழுதி வைக்கட்டும். காசு கொடுத்து ரெடிமேட் பிராஜெக்ட் வாங்குவதை விட இது எவ்வளவோ மேல்!

கற்றுக்குட்டி கை பட்டால் இருக்கிற படகும் கெட்டு விடும் என்று சிலர் பயப்படலாம். உண்மை தான், கெடலாம். அதற்கும் வழி இருக்கிறது. எதையும் கழற்றும் முன் போட்டோ எடுங்கள், எண் எழுதுங்கள். கெட்டதை மட்டும் மாற்றுங்கள், நல்லதைத் தொடாதீர்கள். அரிய படகு என்று பெரியவர் சொன்னால் அதை அருங்காட்சியகத்துக்கு விட்டு விடுங்கள். முடித்த பிறகும் நேராகக் கடலுக்கு ஓடாமல், அனுமதி வாங்கி, லைப் ஜாக்கெட் போட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். முதல் நாள் ஒழுகும். பலகை ஊறிப் பெருத்தால் ஒழுகல் குறையும்.

2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டிய போது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் மக்கள் மாடிகளில் நின்று கொண்டிருந்தார்கள். மீனவர்கள் படகோடு ஊருக்குள் வந்து மீட்டார்கள். அது மரமா பைபரா என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. தண்ணீரையும் படகையும் தெரிந்த மனிதர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்பதை மட்டும் நகரம் சில நாள் நினைத்துப் பார்த்தது. பிறகு மறந்து விட்டது.

ஒரு பழைய படகைப் பழுது பார்ப்பதால் அடையாறு சுத்தமாகி விடாது, கட்டுமரக் காலமும் திரும்பி வராது. ஆனால் அந்தக் குப்பத்துப் பெரியவர் ஒரு வகுப்பறையில் ஆசிரியராக நிற்பார். நந்தனத்தில் இத்தனை கல்லூரி இருக்கிறதே, ஒரு கல்லூரியாவது ஆரம்பிக்கலாமே நண்பர்களே?